உலர் குத்தகை

விமானத்தோடு விமானி, பணியாளர், காப்பீடு
எல்லாம் சேர்த்துக் கொடுத்தால் ஈரக் குத்தகை.
வெறும் விமானம் மட்டும் என்றால் உலர் குத்தகை.
இது உலர்ந்தது.
எட்டு வருடம். மாதம் பிறக்குமுன் வாடகை.
கடைசி மூன்று மாதம் வரவில்லை.

லித்துவேனியா, ஷவுலேய், நவம்பர்.
கொட்டகைக் கதவை மூடினாலும்
பனி எப்படியோ உள்ளே வந்து
சக்கரத்தடியில் தண்ணீராகிறது.
வீடு காலி செய்கிறவர்களிடம்
சுவரில் எத்தனை ஆணி அடித்தாய் என்று கேட்கிற ஆள் நான்.
படிவத்தில் என் பெயர் ஆர்லா கான்சிடைன்,
உரிமையாளர் தரப்பு.
குடியிருந்த தரப்பில் ஒரே ஒருவர்: மெசான்,
லோமேயிலிருந்து, மெல்லிய கோட்டோடு.
அந்த நிறுவனத்தின் சாவிக்கொத்து
இப்போது அவரிடம்தான் என்றார்கள்.
விமானத்துக்குச் சாவி கிடையாது என்பது
எங்கள் இருவருக்கும் தெரியும்.

முதலில் காகிதம். நூற்றுப் பன்னிரண்டு பெட்டி.
ஒவ்வொரு உறுப்புக்கும் பிறப்புச் சான்று வேண்டும்,
யார் கழற்றினார், யார் மாட்டினார்,
எத்தனை முறை தரை தொட்டது.
தாள் இல்லாத உறுப்பு பேரீச்சம்பழத்துக்குப் போடுகிற இரும்பு,
எவ்வளவுதான் பளபளத்தாலும்.
இடது சக்கரக் காலின் ஒரு முளைக்கு
ஆறு வருடத்துக்கு முந்தைய பக்கம் ஒன்று இல்லை.
அந்தப் பக்கத்தின் விலைக்கு நல்ல கார் வாங்கலாம்.
மெசான் இரண்டு இரவு தேடினார்.
மூன்றாம் நாள் காலை,
அறுபத்தேழாம் பெட்டியில், சாப்பாட்டு ரசீதுகளுக்கு நடுவிலிருந்து
காப்பிக் கறையோடு எடுத்து நீட்டினார்.
கண் சிவந்திருந்தது.
முத்திரையைச் சரிபார்த்தேன். நன்றி என்றேன்.

பிறகு உடம்பு.
விட்மாண்டஸ் விளக்கைச் சாய்த்துப் பிடிக்கப்
பள்ளங்களை எண்ணினேன். நாற்பத்தொன்று.
வரைபடத்திலும் நாற்பத்தொன்று.
"ஒன்றை விட்டுவிட்டீர்கள்" என்றார் மெசான்.
வலது இறக்கை வயிற்றோடு சேரும் இடத்தில், கையகலம்,
வெள்ளைப் பூச்சு அதை மறைத்திருந்தது.
"பறவை. நியாமேயில் இறங்கும்போது. அன்றைக்கு நான்தான் பணியில்."
"எழுதினால் உங்கள் முன்பணத்தில் பிடிப்பார்கள்."
"அடுத்து ஏறுகிறவன் தெரிந்துகொள்ள வேண்டாமா?"
எழுதினேன். நாற்பத்திரண்டு.
ஆழம் பார்க்கையில் அளவுகோலின் மறுமுனையை
அவர்தான் பிடித்துக்கொண்டார்.

ஒப்பந்தம் இருநூற்றுப் பத்துப் பக்கம்.
ஈரம் என்ற சொல் அதில் ஒரே இடத்தில் வருகிறது,
துருப்பிடிப்பது பற்றிய பத்தியில்.

கடைசியாக எண்ணிக்கை.
உயிர்காப்பு அங்கி நூற்றெண்பத்தாறு இருக்க வேண்டும்.
நூற்றெண்பத்தேழு இருந்தது.
தரையில் பரப்பி, பத்துப் பத்தாகக் குவித்து
மறுபடி எண்ணினோம். விட்மாண்டஸ் தனியாக எண்ணினார்.
நூற்றெண்பத்தேழு.
காணாமல் போவது எனக்குப் பழக்கம்,
விடுதித் துண்டு மாதிரி பைக்குள் சுருட்டிப் போவார்கள்.
பெருகிப்போய் நான் பார்த்ததில்லை.
"விதிப்படி கூடுதலும் குறைதான்" என்றேன்.
மெசான் சிரித்தார், ஐந்து நாளில் முதல்முறை,
தகரக் கூரையில் பட்டுத் திரும்பியது சிரிப்பு.
"அதை வட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்."
கணினி அந்த எண்ணை ஏற்க மறுத்தது.
நூற்றெண்பத்தாறு என்று திருத்தினேன்.

நாங்கள் கிளம்பும்போது வால்பக்கம் ஏணி போட்டு
அவர்களுடைய நாரையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.
நாரைக்கு அடியில் யாருடையதோ ஒரு பச்சை நட்சத்திரம்.
அதற்கும் கீழே என்னவோ நீலம்.

ரீகா வரை ஒரே காரில் போனோம்.
இறங்கும் இடத்தில் அவருக்கு வேலை இல்லை.
அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
குத்தகை முறிவுக் கடிதத்தில்
சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

ஷானனில், என் மேசைக்கடியில்,
செருப்புக்கும் குடைக்கும் பக்கத்தில் கிடக்கிறது அந்த அங்கி.
இன்னும் உறை பிரிக்கவில்லை.
காலாவதி ஆக இரண்டு வருடம் இருக்கிறது.